லண்டன் போகும் அக்காவிடம் எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

பிரிட்டன் கிளம்பும் அக்காவோ தம்பியோ "உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம், நல்லபடியா போயிட்டு வா" என்பதே பெரும்பாலான வீடுகளின் பதில். ஆனால் அவர்கள் வெறுங்கையோடு வரப்போவதில்லை. கடைசி நாள் அவசரத்தில் பிக் பென் சாவிக்கொத்து ஐந்து, சாக்லேட் ஒரு கிலோ என்று அள்ளிவருவார்கள். சாவிக்கொத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் சீனத் தயாரிப்பு என்றே இருக்கும். அதைவிடப் பொருளின் பெயர், அளவு, கடை மூன்றையும் முன்பே சொல்லிவிடுவது பயணிக்குப் பெரிய உதவி.

விலை பற்றி முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கு விமான நிலையத்தில் வாட் வரியைத் திருப்பித் தரும் வழக்கம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் 2021 ஜனவரி 1 முதல் இல்லை. "ரீஃபண்ட் வரும், வாங்கு" என்று பழைய நினைப்பில் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலைச்சீட்டில் இருப்பதே முடிவான விலை. அதில் 20 சதவீத வரி உள்ளடங்கியிருக்கும். தேயிலைத் தூள், புத்தகம், சிறுவர் உடை, சாக்லேட் பூசாத பிஸ்கட் ஆகியவற்றுக்கு இந்த வரி இல்லை. அதே பிஸ்கட்டுக்குச் சாக்லேட் பூசினால் வரி வந்துவிடும்.

தேயிலையா, ஷார்ட்பிரெட்டா?

பிரிட்டன் என்றதும் நினைவுக்கு வருவது டீ. ஸ்ட்ராண்ட் தெருவில் 1706 முதல் இருக்கும் ட்வைனிங்ஸ் கடையும், பிக்காடிலியில் 1707 முதல் இருக்கும் ஃபோர்ட்னம் அண்ட் மேசனும் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தாம். ஆனால் வாங்கிவரச் சொல்லுமுன் உங்கள் வீட்டில் டீ எப்படிப் போடுகிறீர்கள் என்று யோசியுங்கள். கொதித்து இறக்கிய வெந்நீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவைத்து, மேலே ஒரு சொட்டுப் பால் விட்டுக் குடிப்பதற்கென்றே அந்தக் கலவைகள் செய்யப்படுகின்றன. அந்த டீ பையைப் பாலோடு போட்டுக் கொதிக்கவிட்டால் தாள் கிழிந்து தூள் மிதக்கும், துவர்ப்பு ஏறும். எர்ல் கிரேயில் நிலை இன்னும் மோசம்: அதன் வாசனையே பெர்கமாட் பழத்தோலின் எண்ணெய்தான், கொதிக்கக் கொதிக்க அது ஆவியோடு போய்விடும். இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் என்ற பெயரில் வருவது பெரும்பாலும் அசாம், கென்யா, இலங்கை இலைகளின் கலவை. டெட்லி நிறுவனம் 2000ஆம் ஆண்டு முதல் டாட்டாவுடையது. டெட்லி, ட்வைனிங்ஸ் இரண்டுமே நம் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கின்றன. பெட்டியில் இடம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்லலாம். யார்க்‌ஷையர் டீயில் கடினநீருக்கென்றே தனியாக ஒரு வகை உண்டு. கால்சியம், மெக்னீசிய உப்புகள் நிறைந்த தண்ணீரில் டீயின் மேல் ஏடு படியும், சுவை மங்கும். அதை ஈடுகட்டும்படி கலந்தது இது. போர்வெல் தண்ணீரில் டீ போடும் வீட்டுக்கு இது பொருந்தும். ஆர்.ஓ. தண்ணீர் என்றால் சாதாரண வகையே போதும்.

ஊருக்கெல்லாம் பங்கிட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் ஷார்ட்பிரெட் என்ற வெண்ணெய் பிஸ்கட்டுக்கு ஈடில்லை. மாவு மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு என்பது அதன் பழைய கணக்கு. முட்டை கிடையாது, வீட்டில் பாட்டி கேட்கும் முதல் கேள்விக்கு இதுவே பதில். 1898இல் தொடங்கிய, ஸ்காட்லாந்தின் அபெர்லூர் ஊரைச் சேர்ந்த வாக்கர்ஸின் சிவப்புக் கட்டம்போட்ட பெட்டி எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் இருக்கும். விமான நிலையத்தில் வாங்குவதைவிட டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் போன்ற கடைகளில் மலிவு. வடிவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். விரல் போல நீளமாகத் தடித்திருப்பது பயணத்தைத் தாங்கும். விசிறி மடிப்பாக முக்கோணத் துண்டுகளாக வரும் பெட்டிகோட் டெயில்ஸ் அழகுதான், ஆனால் வீடு வருமுன் பாதி பொடியாகிவிடும். தகரடப்பா எடை கூட்டும். அட்டைப் பெட்டியாக வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும், திடப்பொருள் என்பதால் பாதுகாப்புச் சோதனையில் தடையில்லை. பிரித்த பிறகு சென்னைக் காற்றில் இரண்டே நாளில் நமத்துவிடும். இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவையுங்கள்.

சாக்லேட்டும் மற்ற இனிப்புகளும்

பர்மிங்ஹாம் போர்ன்வில்லில் 1905இல் பிறந்த டெய்ரி மில்க், இங்கே விற்கும் டெய்ரி மில்க்கிலிருந்து சுவையில் வேறுபடும், உண்மை. ஆனால் கோகோ வெண்ணெய் நம் உடல் சூட்டுக்கும் சற்றுக் கீழேயே உருகிவிடும். விமானத்தின் சரக்கறை குளிர்ச்சியாகவே இருக்கும். ஆபத்து அதற்குப் பிறகுதான், விமான நிலைய வாசலில் தொடங்கி வீட்டு ஃபிரிட்ஜ் வரை. உருகி மீண்டும் இறுகினால் கொழுப்பு பிரிந்து மேலே வெள்ளைப் பூச்சாகப் படியும். அது பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். ஆனாலும் பளபளப்பும் மொறுமொறுப்பும் போய்விடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை வருபவரிடம் சாக்லேட் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் ஸ்காட்லாந்தின் டேப்ளெட் என்ற இனிப்பு நல்ல மாற்று. சர்க்கரை, வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க் சேர்த்துக் காய்ச்சி இறுக்கியது. கடித்தால் நம் பர்பி போல மணல்மணலாக உதிரும், வெயிலையும் சாக்லேட்டைவிடத் தாங்கும்.

சைவ வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் பச்சைப் புள்ளி அங்கே பொட்டலங்களில் இருக்காது. ஜெல்லி பேபீஸ், ஒயின் கம்ஸ் போன்ற மெல்லும் மிட்டாய்களில் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து எடுத்த ஜெலட்டின் சேர்க்கிறார்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரின் பெர்சி பிக் மிட்டாயிலிருந்து 2019இல் ஜெலட்டினை நீக்கிவிட்டார்கள். கிறிஸ்துமஸ் சமயத்து மின்ஸ் பையில் இருப்பது உலர்பழம்தான் என்றாலும், பழத்தோடு சேரும் சூயட் சிலவற்றில் மாட்டுக்கொழுப்பாக இருக்கும். சைவர்களுக்கு ஏற்றது என்ற ஆங்கில வரி பொட்டலத்தில் இருந்தால் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். ரொட்டியில் தடவும் லெமன் கர்டில் முட்டை உண்டு.

செவில் ஆரஞ்சின் கசப்பேறிய மார்மலேட் சுவையானதுதான், ஆனால் தொல்லை பிடித்தது. 454 கிராம் புட்டி கண்ணாடியோடு முக்கால் கிலோவை நெருங்கும். சோதனையில் ஜாம், மார்மலேட், மார்மைட் என்ற ஈஸ்ட் பசை எல்லாமே திரவக் கணக்கில்தான் வரும். கைப்பையில் வைத்தால் பல விமான நிலையங்களில் பறிகொடுக்க நேரலாம். கட்டாயம் செக்‌இன் பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள்.

கோப்பை கேட்பவர்களுக்கு

ஸ்டோக் ஆன் ட்ரெண்ட் என்பது ஆறு ஊர்கள் சேர்ந்த குயவர் நகரம். அங்கே கிடைப்பவற்றில் இரண்டு வகைக்குத்தான் போட்டி: போன் சைனா, எர்த்தன்வேர்.

போன் சைனா மெல்லியது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரலின் நிழல் தெரியும். மெலிந்திருந்தாலும் வலு அதிகம். ஆனால் பெயரிலேயே எலும்பு இருக்கிறது, வெறும் பெயரல்ல: அதன் மண்ணில் சுமார் பாதி, சுட்டுப் பொடித்த மாட்டெலும்புச் சாம்பல். மீதி சைனா களிமண்ணும் கார்ன்வால் கல்லும். இது தெரியாமல் பூஜையறைக்கும் ஆசாரமான வீட்டுக்கும் வாங்கிவந்து, பிறகு அலமாரியிலேயே பூட்டிவைப்பது நடக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு எலும்பு சேராத மண்பாண்டமான எர்த்தன்வேர்தான் சரி. ஹேன்லியில் கடற்பஞ்சால் கையாலேயே அச்சுக்குத்தும் எம்மா பிரிட்ஜ்வாட்டர் கோப்பைகளும், பர்ஸ்லெமில் மிடில்போர்ட் பட்டறையில் மெல்லிய தாளிலிருந்து நீலப்பூ வேலையை மாற்றிப் பதிக்கும் பர்லி கோப்பைகளும் அந்த ரகம். எர்த்தன்வேரின் குறை, தடிப்பும் எடையும். விளிம்பு சில்லு விட்டால் பூச்சுக்கு அடியில் உள்ள மண் தண்ணீர் குடித்துக் கறையேறும். அளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்: அரை பைன்ட் கோப்பை 284 மில்லி, நம் டம்ளர் டீக்கு இரண்டு மடங்கு போல.

எதுவானாலும் அடிப்பக்க முத்திரையைப் படிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் செய்தது என்பதும் இங்கிலாந்தில் வடிவமைத்தது என்பதும் வேறுவேறு. இரண்டாவதை வேறு எந்த நாட்டிலும் சுட்டிருக்கலாம். பட்டறைக் கடைகளில் செகண்ட்ஸ் என்று சிறு குறையுள்ள உருப்படிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அச்சு லேசாக நகர்ந்ததை வாங்கலாம், மயிரிழை விரிசல் விட்டதை வாங்கக் கூடாது. விரலால் சுண்டினால் விரிசல் விட்டது மொத்தையாக ஒலிக்கும்.

உடைவது பெரும்பாலும் கைப்பிடிதான். கோப்பைக்குள் இரண்டு ஜோடி சாக்ஸை அழுத்தித் திணித்து, கைப்பிடி வளைவுக்குள்ளும் துணி சுருட்டி வைத்து, பிறகே முழுதும் சுற்ற வேண்டும். பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் துணி இருக்கும்படி வையுங்கள். சக்கரமுள்ள பக்கத்தில் வேண்டாம், பெட்டி தரையில் மோதும்போது அடி அங்கேதான் விழும்.

கம்பளி

எடின்பரோவில் ராயல் மைல் தெரு முழுக்கக் காஷ்மீர் கம்பளிச் சால்வை என்று எழுதித் தொங்கும். மலிவாக இருந்தால் தையல் சீட்டைப் பார்க்க வேண்டும்: எந்த நூல் எத்தனை சதவீதம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும் என்பது சட்டம். அக்ரிலிக் என்றிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடலாம். சால்வைக்கு ஊட்டி, கொடைக்கானல், டெல்லியில் வேலை இருக்கிறது. மதுரைக்காரருக்கு அது பீரோவில் பூச்சிக்கு இரை.

ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி இதற்கு நேர்மாறாக உறுதியான சான்றோடு வருகிறது. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளிலேயே சாயமேற்றி நூற்ற புதுக் கம்பளியை, அங்கு வாழ்பவர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்தால்தான் அந்தப் பெயரையே வைக்கலாம். 1993இல் இதற்கெனத் தனிச் சட்டமே போட்டார்கள். உருண்டைமேல் சிலுவை போட்ட ஆர்ப் முத்திரை தைத்திருக்கும். கைத்தறியின் அருமை தெரிந்த நமக்கு இது மனதுக்கு நெருங்கிய பொருள். கோட்டு வேண்டாம், சில்லறைப் பையோ கண்ணாடி உறையோ போதும், நூறு கிராமைத் தாண்டாது.

தட்டையான, இலேசான பொருள்கள்

எங்கள் முதல் சிபாரிசுகள் எல்லாம் இந்த வரிசையில்தான். ஒன்று, நாணயம். 2008இல் மேத்யூ டென்ட் வடிவமைத்த 1, 2, 5, 10, 20, 50 பென்ஸ் ஆறையும் சரியாக அடுக்கினால் அரச கேடயம் முழுதாகத் தெரியும். நடுவில் 5 பென்ஸ், அடிமுனையில் 50. ஆறுக்கும் சேர்த்து மதிப்பு 88 பென்ஸ். அங்கே எல்லாரும் அட்டையைத் தட்டியே பணம் கட்டுவதால் சில்லறை தானாகச் சேராது. ஐந்து பவுண்டு நோட்டைக் கொடுத்துத் தண்ணீர் புட்டி ஒன்று வாங்கினால் சேரும். 50 பென்ஸ்தான் தேட வைக்கும், ஏனெனில் பலவற்றில் வேறு நினைவுச் சின்னங்கள் அச்சிட்டிருக்கும். மன்னர் சார்லஸ் காலத்தில் 2023இல் அறிவித்த புது வரிசையில் அணில், பஃபின் பறவை, சால்மன் மீன், தேனீ எல்லாம் உண்டு. கைக்கு வந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் பசையில்லாமல் வைத்துச் சட்டமிட்டால் சிறுவர் அறைக்கு அழகு.

இரண்டு, பாத்திரம் துடைக்கும் டீ டவல். பருத்தியோ லினனோ, மடித்தால் ஒரு நோட்டுப்புத்தக அளவு, உடையாது, உருகாது. அருங்காட்சியகக் கடைகளில் அந்தந்த இடத்துக்கே உரிய படத்தோடு கிடைக்கும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய சின்ட்ஸ் துணிகள் இருக்கின்றன. போகிறவர் அதைப் பார்த்துவிட்டு அங்குள்ள கடைக்குள் நுழைந்தால் நல்லது. கோவென்ட் கார்டனில் லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில், ரயில், பஸ் இருக்கைகளின் மொக்கெட் என்ற உறைத்துணி வடிவத்தில் பொருள்கள் விற்கிறார்கள். காந்தப் பொம்மையைவிட லண்டனின் வாசம் இதில் அதிகம்.

பயணம் வேல்ஸுக்கு என்றால் லவ் ஸ்பூன் கேளுங்கள். ஒரே மரத்துண்டில் குடைந்த கரண்டி. காதலிக்குச் செதுக்கிக் கொடுக்கும் வழக்கத்தில் வந்தது. செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் 1667 என்று ஆண்டு பொறித்த ஒன்று இருக்கிறது. விளிம்பு கருகியிருந்தால் லேசரில் வெட்டிய பலகை. கைவேலையில் மர ரேகை கிண்ணத்தின் வளைவோடு சேர்ந்து ஓடும்.

கேட்கும் செய்தி இப்படி இருக்கட்டும்: "அக்கா, வாக்கர்ஸ் ஷார்ட்பிரெட், விரல் வடிவம், அட்டைப் பெட்டி, ரெண்டு. டெஸ்கோல வாங்கு, ஏர்போர்ட்ல வேணாம். அது இல்லைன்னா டேப்ளெட் ஒண்ணு. 50 பென்ஸ் கேடயம் போட்டது கிடைச்சா எடுத்து வை." படம் ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள், உச்ச விலையையும் பவுண்டில் எழுதுங்கள், பணத்தை முன்பே அனுப்பிவிடுங்கள். செக்‌இன் அளவு 23 கிலோ என்றால் திரும்பும்போது உங்களுக்காக இரண்டு கிலோவுக்கு மேல் கேட்காதீர்கள். தராசில் எடை கூடிவிட்டால் முதலில் மார்மலேட் புட்டியை எடுக்கட்டும், அடுத்து தகரடப்பாவை. உள்ளிருக்கும் பிஸ்கட்டைக் கைப்பைக்கு மாற்றிக்கொள்ளலாம்.