முன்வரிசைக் குரோட்டன்ஸை வாங்காதீர்கள்: புதுவை, கடலூர் சாலையோர நர்சரிகளில் செடி பார்த்து எடுப்பது

புதுவையிலிருந்து கடலூர் போகிற வழியில் நர்சரி வாசலில் அடுக்கியிருக்கும் குரோட்டன்ஸைப் பார்த்தால் வண்டி தானாக ஓரங்கட்டும். சிவப்பும் மஞ்சளும், எண்ணெய் தேய்த்த மாதிரிப் பளபளப்பு. அந்த முன்வரிசையை விட்டுவிடுங்கள். பின்பக்கம், பச்சை வலைக்கு வெளியே வெயிலில் கிடக்கும் கறுப்புக் கவர் செடிதான் காசுக்கு ஏற்ற சரக்கு. விலையும் குறைவாகத்தான் சொல்வார்கள்.

முன்வரிசைச் செடிகளில் பெரும்பாலானவை ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்தவை, இல்லையென்றால் பாலிஹவுஸில் தேங்காய் நார்க்கழிவில் வளர்ந்தவை. நிழலும் ஈரக்காற்றும் பழகிய இலை, நம் மொட்டைமாடி வெயிலுக்கு வந்ததும் அடியிலிருந்து மஞ்சளாகிக் கொட்டும். செடி வாடுகிறது என்று இருவேளையும் தண்ணீர் ஊற்றுவார்கள். அதில்தான் வேர் அழுகிச் செத்துப்போகும், இலை கொட்டியதால் அல்ல. இடம் மாறினால் இலை உதிர்ப்பது இதன் சுபாவம். தண்டை நகத்தால் லேசாகக் கீறுங்கள். தோலுக்கடியில் பச்சை தெரிந்தால் துளிர் வரும், பொறுத்திருக்கலாம். கடியத்துச் செடி மோசம் என்றில்லை. இங்கே வந்து ஒரு மாதமாவது ஆகியிருந்தால் தாராளமாக எடுக்கலாம். "வந்து எத்தனை நாள் ஆச்சுண்ணே?" என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

எடுக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். நடுநரம்பை ஒட்டி நூலாம்படையும் பொடிப்புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளி நகரும். இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இரண்டில் எது இருந்தாலும் அந்தச் செடி வேண்டாம், பக்கத்துச் செடியும் வேண்டாம். பிறகு கவரின் அடி ஓட்டை: ஓரிரண்டு வேர் எட்டிப்பார்த்தால் நல்லது, கற்றையாகத் தொங்கினால் உள்ளே சுருண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

வகைகளில் பெட்ராதான் எல்லாக் கடையிலும் கிடைக்கும். அகல இலை, நரம்பெல்லாம் மஞ்சள், சிவப்பு. மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் அதை அடிக்க ஆளில்லை. பால்கனியில் வெளிச்சம் குறைவு என்றால் கோல்ட் டஸ்ட். சின்னப் பச்சை இலையில் மஞ்சள் தெளித்த மாதிரி இருக்கும், நிழலை ஓரளவு தாங்கும். மம்மி என்ற வகையின் இலை முறுக்கிக்கொண்டு அழகாக இருக்கும், ஆனால் அந்த முறுக்குக்குள் மாவுப்பூச்சி குடியேறினால் துடைத்தெடுப்பது பெரும்பாடு. செப்பு நிறத்தில் மெல்லிய, ஓரம் பற்களுள்ள இலையோடு இருப்பதையும் சிலர் குரோட்டன்ஸ் என்றே விற்கிறார்கள். அது அகாலிபா. ஆமணக்குக் குடும்பம்தான், வேலிக்கு நல்ல செடிதான். குரோட்டன்ஸ் விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

குரோட்டன்ஸின் சொந்த ஊர் இந்தோனேசியத் தீவுகள், வட ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் பக்கம். குளிர் ஆகாது. நம்மூரில் அந்தக் கவலையே இல்லை, இங்கே எதிரி உப்பு. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரிக் கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் ஊற்றினால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படியும், இலை நுனி பழுப்பாகக் கருகும். உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் கருகல் கூடும், ஏனென்றால் உரமும் உப்புதான். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப் போல 2, 3 மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியாக வடியவிடுங்கள்.

வாங்கி வந்ததும் மாற்றி நடாதீர்கள். 2 வாரம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில். அப்புறம் 12 அங்குலத் தொட்டிக்கு 2 பங்கு செம்மண், 1 பங்கு மணல், 1 பங்கு மக்கிய தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கேப்பர் மலைச் செம்மண்ணைத் தனியாகப் போட்டால் காய்ந்ததும் கல்லாகிவிடும். ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் போடுவதானால் தூள் போகக் கழுவிவிட்டுப் போடுங்கள், அந்தத் தூள் வடிகாலை அடைக்கும். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காமல் 2 செங்கல் வையுங்கள். ஃபெஞ்சல் புயல் மாதிரி ஒரு மழை வந்தால் தட்டில் நிற்கும் தண்ணீரே வேரை அழுகவைக்கும்.

நிறம் வெளுத்துப் பச்சையானால் முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள், அடுத்து யூரியாவை நிறுத்துங்கள். ஒரே கிளை மட்டும் பச்சையாக வந்தால் அது பழைய நிலைக்குத் திரும்பிய கிளை. வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும், அடியோடு வெட்டிவிடுங்கள். வெட்டும்போது வடியும் பால் துணியில் பட்டால் கறை போகாது, சிலருக்குத் தோலும் அரிக்கும். குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செஞ்சிலந்திக்கு முதலில் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். மீதிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையக் கொஞ்சம் திரவ சோப்பு, சாயங்காலம் தெளிக்கலாம். செஞ்சிலந்திக்கென்றே விற்கும் நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) எண்ணெய் அடித்த 2 வாரத்துக்குள் அடிக்கக் கூடாது, இலை வெந்துவிடும். சித்திரை வெயிலில் கந்தகம் வேண்டவே வேண்டாம். "இதோட அடிங்க சார்" என்று சில கடைகளில் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு நல்ல பெட்ரா கையில் இருந்தால் அடுத்தது வாங்க வேண்டியதில்லை. பென்சில் கனக் கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசியை வைத்துப் பாலிதீனால் இறுக்கிக் கட்டுங்கள். ஆடி, ஆவணியில் கட்டினால் ஒன்றரை மாதத்தில் வெள்ளை வேர் தெரியும். ஐப்பசியில் கட்டினால் உள்ளே மழைநீர் இறங்கி அழுகும். அந்த மழைக்காலத்தில் நர்சரிக்காரர் இப்படி வேர்விடவைத்து விற்கும் புதுப் பதியன் கவரையும் தொடாதீர்கள்.