பெருங்குடல் அறுவை: லேப்ராஸ்கோப்பியா, விரைவு மீட்புத் திட்டமா?

பெருங்குடலின் ஒரு பகுதியை வெட்டி நீக்கியவர்கள் மருத்துவமனையில் தங்கும் நாள்களைக் குறைக்க 1990களில் இரண்டு வழிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தன. வயிற்றை நீளமாகக் கீறாமல் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி ஒன்று. டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட் முன்வைத்த விரைவு மீட்புத் திட்டம் மற்றொன்று.

இரண்டாவது வழி, அறுவைக்கு முன்னும் பின்னும் நடப்பவற்றை மாற்றுகிறது. நள்ளிரவிலிருந்து பட்டினி, மூக்கு வழியே குழாய், தாராளமான சலைன், வாயு பிரியும்வரை உணவில்லை என்பது பழைய வழக்கம். இத்திட்டத்திலோ மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தெளிந்த பானம் அருந்தலாம். குழாய் வழக்கமாக வைக்கப்படுவதில்லை. குடலை மந்தமாக்கும் மார்ஃபின் வகை மருந்துகள் குறைக்கப்படுகின்றன. நோயாளி விரைவிலேயே உண்ணவும் எழுந்து நடக்கவும் ஊக்கப்படுத்தப்படுகிறார். உப்பும் நீரும் மிகுந்தால் குடல் சுவர் வீங்கி அதன் அசைவு தாமதப்படும் என்பதால், சலைனும் அளவோடுதான் ஏற்றப்படுகிறது.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தியது, 2011இல் வெளியான நெதர்லாந்தின் லாஃபா ஆய்வு. லேப்ராஸ்கோப்பியா வயிற்றை நீளமாகக் கீறும் திறந்த அறுவையா, விரைவு மீட்புத் திட்டமா பழைய பராமரிப்பா என்பதை வைத்து, பெருங்குடல் புற்றுநோயாளிகள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். எவருக்கு எவ்வகை அறுவை நடந்தது என்பது தெரியாதபடி வயிற்றைக் கட்டுத்துணியால் மறைத்தும் வைத்தனர். மறு அனுமதியையும் சேர்த்து, மருத்துவமனையில் கழிந்த நாள்களின் இடைநிலை அளவு, இரண்டும் சேர்ந்த குழுவில் 5. லேப்ராஸ்கோப்பியும் பழைய பராமரிப்பும் சேர்ந்ததில் 6. திறந்த அறுவை செய்த இரு குழுக்களிலும் 7.

இதை வைத்து, திறந்த அறுவையில் திட்டத்தால் பயனில்லை என்று முடிவு கட்டுவது அவசரம். திறந்த அறுவையும் பழைய பராமரிப்பும் சேர்ந்த குழுவில், மிகக் குறைவாகத் தங்கிய கால்பங்கினரையும் மிக அதிகமாகத் தங்கிய கால்பங்கினரையும் விட்டுவிட்டால், நடுவில் உள்ள பாதிப் பேர் 6 முதல் 13 நாள்வரை தங்கினர். திட்டத்தில் அது 5 முதல் 11 நாள். எனினும் நாள்களைக் குறைப்பதில் லேப்ராஸ்கோப்பியின் கை ஓங்கியது உண்மை. எல்லோருக்கும் திட்டத்தைக் கொடுத்து இரு அறுவை முறைகளை ஒப்பிட்ட பிரிட்டனின் எண்ரோல் ஆய்விலும் லேப்ராஸ்கோப்பிக்கு 5 நாள், திறந்த அறுவைக்கு 7 நாள் என்றே வந்தது. ஆனால் ஒரு மாதம் கழித்து உடற்சோர்வில் வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே வசதியுள்ள இடத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்வதே சரி. லேப்ராஸ்கோப்பிக்கு விலையுயர்ந்த கருவிகளும் நீண்ட பயிற்சியும் வேண்டும். திட்டத்துக்கு அவை வேண்டாம், ஆனால் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் செவிலியரும் ஒரே நடைமுறைக்கு உடன்பட வேண்டும். கருவி இல்லாத மருத்துவமனையும் இந்த உடன்பாட்டை இன்றே தொடங்கலாம்.