லாக் கோப்புகளும் பூட் நேரமும்: உபுண்டுவோடு சில வருடங்கள்

பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கணினி, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்தது. 120 ஜிபி எஸ்எஸ்டி, அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். சில வருடங்களாக ஓடுகிறது. பெரிய குறை இல்லை. அவ்வப்போது உட்கார்ந்து கவனிக்க வேண்டியிருந்தது இரண்டைத்தான்: லாக் கோப்புகள் (கணினி தனக்குள் நடப்பதைப் பதிந்து வைக்கும் குறிப்புகள்), பூட் ஆகும்போது கூடவே கிளம்பும் சர்வீஸ்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்).

ஒரு சமயம் டிஸ்க் முழுக்க நிரம்பி லாகினே ஆகவில்லை. ரிகவரி மோடில் போய்ப் பார்த்தால் சிஸ்லாக் என்ற பொது லாக் கோப்பு மட்டும் பல ஜிபி. உள்ளே 'பிசிஐஇ பஸ் எரர், கரெக்டட்' என்று திரும்பத் திரும்ப ஒரே செய்தி (பிசிஐஇ என்பது மதர்போர்டில் கார்டுகளை இணைக்கும் பாதை). பிழை வந்தது, ஹார்ட்வேரே சரிசெய்துவிட்டது, ஆனாலும் இயங்குதளத்தின் மையமான கர்னல் விடாமல் புலம்புகிறது. அதே புலம்பல் சிஸ்டம்டியின் லாக் தொகுப்பான ஜர்னலுக்கும் போகும், லாக் எழுதும் சர்வீஸான ஆர்சிஸ்லாக் வழியாக சிஸ்லாக், கர்னல் செய்திகளுக்கான கெர்ன் லாக் இரண்டிலும் ஏறும். பழைய லாக்கை ஒதுக்கிப் புதிதாகத் தொடங்கும் லாக்ரொடேட் வாரம் ஒருமுறைதான் சுழற்றும். அதற்குள் டிஸ்க் நிரம்பிவிடும்.

இப்படி வீங்கிய கோப்பை ஆர்எம் போட்டு அழித்தால் உடனே இடம் கிடைக்காது. ஆர்சிஸ்லாக் அதைத் திறந்து வைத்திருக்கும் வரை பெயர்தான் போகும், இடம் விடுபடாது. ட்ரன்கேட் கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குவதே சரி. அப்புறம் கர்னலுக்கு அந்தப் பிழை அறிவிப்பை அணைக்கும் 'பிசிஐ=நோஏஇஆர்' என்ற பூட் ஆப்ஷனைக் கொடுத்தேன், அமைதியானது. நிஜமான பிழை வந்தாலும் இனி சொல்லாது என்பது தெரிந்தேதான்.

ஜர்னலுக்குத் தனியாக ஒரு வரம்பு வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் டிஸ்க்கில் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 4 ஜிபி எடுத்துக்கொள்ளும். ஜர்னல்டி கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் 'சிஸ்டம்மேக்ஸ்யூஸ்' அளவை 300 எம்பி ஆக்கினேன். 50 எம்பி போதும் என்பவர்கள் உண்டு; எனக்கு உடன்பாடில்லை. நம்ம ஊர் வெயிலில் கரண்ட் போய்ப் போய் வரும்போது பழைய லாக்தான் சாட்சி. 'ஜர்னல்சிடிஎல் -பி -1' போட்டால் முந்தைய பூட் முழுவதும் வரும். கடைசியில் சர்வீஸ்கள் வரிசையாக நிற்கும் செய்திகள் இருந்தால் முறையான ஷட்டவுன். எதுவும் இல்லாமல் பாதியில் அறுந்திருந்தால் கரண்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். யுபிஎஸ் பேட்டரி ஓய்ந்துவிட்டதை இதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பூட் நேரத்துக்கு, எந்த சர்வீஸ் கிளம்ப எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' பட்டியலை எல்லோரும் காட்டுவார்கள். அதை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. சர்வீஸ்கள் ஒரே நேரத்தில் கிளம்புவதால் பட்டியலில் மேலே இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்றில்லை. எது எதற்காகக் காத்திருந்தது என்பதை 'கிரிட்டிக்கல்-செயின்' சொல்லும். எனக்கு அங்கே அகப்பட்டது, நெட்வொர்க் இணையும் வரை காத்திருக்கும் நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன். நெட்வொர்க் டிரைவ் எதுவும் இல்லாத வீட்டில் அதற்கு வேலையில்லை, நிறுத்தினேன். மொபைல் டேட்டா டாங்கிள் இல்லாததால் அதைக் கவனிக்கும் மோடம்மேனேஜரும் போனது. ஸ்னாப் வகை ஆப்களை நிர்வகிக்கும் ஸ்னாப்டியை மட்டும் தொடவில்லை. உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸே ஸ்னாப்பாகத்தான் வருகிறது, வீட்டில் எல்லோரும் கணினியைத் திறப்பதே அதற்காகத்தான்.