தேடுபொறியை மாற்ற மூன்று வழி, நான் பிடித்தது ஒன்று

நான் தேடுவதைக் குறித்துவைக்காத தேடுபொறி வேண்டும் என்று, கூகுளை விட்டு டக்டக்கோவுக்கு மாறிவிட்டேன் என இரண்டு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். முகவரிப் பட்டையில் அந்த வாத்துச் சின்னத்தை அழுத்தினேன், தேடினேன், முடிவுகளும் அங்கிருந்தே வந்தன. பிறகு ஏதோ ஒரு பக்கத்தைத் திரும்பப் பிடிக்க ஹிஸ்டரியைப் புரட்டினால், பாதிக்கு மேல் பழைய தேடுபொறியின் பக்கங்கள். பிரவுசர் மேல் தப்பில்லை. நான் அழுத்திக்கொண்டிருந்தது 'இந்த ஒரு தடவை மட்டும்' என்கிற பொத்தான். அடுத்த டேப்பைத் திறந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

இதில் நான் ஏமாந்ததற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. பயர்பாக்ஸ் பிரவுசரில் 2014 வரை தேடல் பட்டையின் கீழிறங்கு பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தால் அதுவே நிலைத்துவிடும். அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 34-ஆம் பதிப்பில் பட்டியல் போய், சின்னங்கள் வந்தன. சின்னம் என்றால் ஒரு தேடலுக்கு மட்டும். என் விரல் இன்னும் பழைய பழக்கத்திலேயே இருந்தது.

சரி, மாற மூன்று வழிகள் இருக்கின்றன. செட்டிங்ஸில் போய் டிஃபால்ட்டையே, அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது பிரவுசர் தானாக எடுத்துக்கொள்ளும் தேடுபொறியையே, மாற்றுவது ஒன்று. டிஃபால்ட்டைத் தொடாமல், வேண்டும்போது சின்னத்தாலோ கீவேர்டாலோ (ஒரு தேடுபொறிக்கு நாம் வைக்கும் சுருக்கச் சொல்) தாவுவது இன்னொன்று. தேடுபொறிக்காரர்கள் தரும் எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரோடு சேர்க்கும் சிறு நிரலை, போட்டுக்கொள்வது மூன்றாவது. நான் கடைசியில் பிடித்தது முதல் வழி. எது நல்ல முடிவுகள் தரும் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. டக்டக்கோவின் சாதாரண இணைப்புகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருபவை, அதை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அவ்வப்போது தாவும் வழி பார்க்க வசதியானது. பயர்பாக்ஸில் @ போட்டு தேடுபொறியின் பெயரைத் தட்டினால் போதும். குரோமில் கீவேர்டைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் பட்டை அந்தத் தேடுபொறிக்கு மாறிவிடும். சிக்கல் சின்ன இடங்களில்தான் வருகிறது. பயர்பாக்ஸின் தனித் தேடல் பட்டையில் ஒரு சின்னத்தைச் சொடுக்கினால் உடனே தேடிவிடும். 2020-இல் வந்த 83-ஆம் பதிப்பிலிருந்து, முகவரிப் பட்டையில் அதே சின்னத்தைச் சொடுக்கினால் தேடாது. அந்தத் தேடுபொறிக்கு மாறி, என்டருக்காகக் காத்திருக்கும். உடனே தேட வேண்டுமானால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு சொடுக்க வேண்டும். ஒரே ஜன்னலில் ஒரே சின்னத்துக்கு இரண்டு குணம்.

கீவேர்டில் நான் மாட்டிக்கொண்டது என் சொந்தச் சாமர்த்தியம். விரைவாக இருக்கட்டும் என்று ஒரு தேடுபொறிக்கு 'பி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை வைத்தேன். சில நாள் கழித்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை பற்றித் தேடப்போனேன். 'பி' தட்டி இடைவெளி விட்டதும் பட்டை அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. வந்து விழுந்தவை எல்லாம் 'காம்ப்ளெக்ஸ்' என்ற சொல்லுக்கான முடிவுகள், ஒன்றில்கூட மாத்திரை இல்லை. குரோமில் இடைவெளிக்கு இந்த வேலையைக் கொடுக்காமல் டேப் விசைக்கு மட்டும் கொடுக்கும் செட்டிங் இருக்கிறது. அதை முதலிலேயே போட்டுவிடுவது நல்லது.

அப்புறம், தாவிய பிறகு தேடலைத் திருத்தும்போது நடப்பது. முடிவுப் பக்கத்துக்குள்ளேயே இருக்கும் பெட்டியில் சொல்லை மாற்றினால் புதிய தேடுபொறியிலேயே தொடர்வீர்கள். மேலே குரோமின் முகவரிப் பட்டையில் அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டினால் டிஃபால்ட்டுக்கே போவீர்கள். இரண்டு பெட்டிக்கும் நடுவே நாலு விரல்கடை தூரம்தான்.

இதெல்லாம் பழகிவிடும் என்று விட்டிருப்பேன். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: என்டர் அழுத்துவதற்கு முன்பு நாம் தட்டும் எழுத்துகள் எங்கே போகின்றன?

முகவரிப் பட்டையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டத் தட்டக் கீழே பரிந்துரைகள் வருகின்றன அல்லவா? அவற்றில் ஹிஸ்டரியிலிருந்தும் புக்மார்க்கிலிருந்தும் வருபவை நம் கணினியிலேயே இருப்பவை. மற்றவை தேடுபொறியின் சர்வரிலிருந்து வருகின்றன. அங்கிருந்து வர வேண்டுமானால் நாம் தட்டியது அங்கே போயிருக்க வேண்டும். யாருக்குப் போகிறது என்றால், டிஃபால்ட்டாக இருப்பவருக்கு. நான் செய்தது என்ன? முதலில் முழுக் கேள்வியையும் தட்டுவேன், பிறகு கண்ணைக் கீழே ஓட்டி வாத்துச் சின்னத்தைச் சொடுக்குவேன். சொடுக்கும் நேரத்தில் 'முழங்கால் வலிக்கு' என்ற வரி ஏற்கெனவே அரைகுறை அரைகுறையாகப் பழைய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பதில் மட்டும் புதிய இடத்திலிருந்து வரும். யாருக்குச் சொல்லக்கூடாது என்று சுற்றிப் போனேனோ அவர்கள் காதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

தாவும் வழியிலேயே இதைச் சரிசெய்யலாம். முதலில் தேடுபொறியைத் தேர்ந்துவிட்டுப் பிறகு தட்ட வேண்டும். பயர்பாக்ஸில் @ போட்டு முதலிலேயே மாறிவிட்டால் அதன்பின் பரிந்துரைகளும் அந்தத் தேடுபொறியிலிருந்தே வரும். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை தேடல், எத்தனை முறை இந்த ஒழுக்கம் நிற்கும்? எனக்கு நிற்கவில்லை. பரிந்துரைகளையே அணைத்துவிடுவதும் ஒரு வழிதான். இரண்டு பிரவுசரிலும் அதற்கு செட்டிங் உண்டு. ஹிஸ்டரியைச் சேமிக்காத குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலில் பரிந்துரை தானாகவே அணைந்திருக்கும், பயர்பாக்ஸின் பிரைவேட் ஜன்னலிலும் நாமாகப் போட்டால் ஒழிய வராது. நான் அணைத்துப் பார்த்தேன். பாதிச் சொல்லில் எழுத்துப்பிழையைத் திருத்தித் தரும் அந்த உதவி இல்லாமல் எரிச்சலாகிவிட்டது.

டிஃபால்ட்டை மாற்றியதும் இந்தக் கணக்கே தலைகீழானது. மறந்துபோய்த் தட்டினாலும் எழுத்துகள் புதிய இடத்துக்குத்தான் போகும். பழைய தேடுபொறி தேவைப்படும் நேரத்துக்கு டக்டக்கோவில் 'பேங்' இருக்கிறது. கேள்விக்கு முன்னாலோ பின்னாலோ ஆச்சரியக்குறியும் ஆங்கில 'ஜி'யும் போட்டால் கூகுள், 'டபிள்யூ' போட்டால் விக்கிப்பீடியா. இப்படி 13,000-க்கும் மேல் வைத்திருக்கிறார்கள். கேள்வி முழுவதையும் தட்டி முடித்த பிறகுகூட மனம் மாறிக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய சௌகரியம். குறையையும் சொல்லிவிடுகிறேன்: பேங் போட்ட கேள்வி முதலில் டக்டக்கோவுக்குப் போய்த்தான் அங்கிருந்து திருப்பிவிடப்படுகிறது. அதாவது இரண்டு பேருக்கும் தெரியும். வாரத்தில் ஐந்தாறு தடவைதான் என்பதால் எனக்குப் பரவாயில்லை. நாளெல்லாம் பேங் போடுகிறவராக இருந்தால் டிஃபால்ட்டை மாற்றியதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

டிஃபால்ட்டை மாற்றினால் எல்லா இடமும் மாறிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பயர்பாக்ஸில் பிரைவேட் ஜன்னலுக்கும் இதே தேடுபொறிதானா என்று கேட்கும் டிக் கட்டம் தனியாக இருக்கிறது. அதில் டிக் இல்லையென்றால் அந்த ஜன்னல் தன் வழியில் போகும். எட்ஜ் பிரவுசரில் புதிய டேப்பின் நடுவே இருக்கும் பெட்டி பிங்கிலேயே தேடிக்கொண்டிருக்கும். அதை முகவரிப் பட்டையோடு இணைக்க இன்னொரு செட்டிங்கைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனின் முகப்பில் உள்ள கூகுள் பெட்டிக்கும் பிரவுசரில் நாம் செய்யும் மாற்றத்துக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, டக்டக்கோவில் வட்டாரம், கருப்பு நிறத் தோற்றம் போன்றவற்றை வைத்தால் அவை குக்கியில், அதாவது தளம் நம் பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்பில், இருக்கும். மூடும்போதெல்லாம் குக்கியை அழிக்கும்படி பிரவுசரை வைத்திருப்பவர்களுக்கு மறுநாள் எல்லாம் வெள்ளையாக விடியும்.

எக்ஸ்டென்ஷன் வழியை நான் ஒரு வாரத்துக்கு மேல் பார்க்கவில்லை, அதனால் சுருக்கமாக. போட்டவுடன் டிஃபால்ட்டைத் தானே மாற்றிக்கொள்ளும், அதுவரை சுலபம். அதன்பின் செட்டிங்ஸில் போனால் அந்த இடம் பூட்டிக் கிடக்கும், இன்ன எக்ஸ்டென்ஷன் இதைக் கட்டுப்படுத்துகிறது என்று ஒரு வரியோடு. எக்ஸ்டென்ஷனை நீக்கினால் தேடுபொறி முன்பு இருந்த இடத்துக்கே திரும்பும். நான் போட்டது பார்க்கும் பக்கங்களின் தரவையெல்லாம் படிக்க அனுமதி கேட்டது. ஒரு பெயரை மாற்ற எதற்கு இவ்வளவு என்று எடுத்துவிட்டேன். கூடவே தளம் தளமாக நம்மைப் பின்தொடரும் டிராக்கர்களைத் தடுப்பது போன்ற வேலைகளும் வேண்டும் என்பவர்களுக்கு அது நியாயமான அனுமதியாகத் தோன்றலாம்.

டிஃபால்ட்டை மாற்றி மூன்று மாதம் ஆகிறது. இன்னும் தீராத ஒன்று ஹிஸ்டரி. முன்பு தேடிய சொல்லின் முதல் மூன்று எழுத்தைத் தட்டினால் பழைய தேடுபொறியின் முடிவுப் பக்கம் பரிந்துரையில் மேலே வந்து நிற்கும், பழக்கத்தில் அதையே தேர்ந்தால் நேராக அங்கே கொண்டுபோய் விடும். அம்புக்குறியால் அதன்மேல் நின்று ஷிஃப்ட்டும் டிலீட்டும் சேர்த்து அழுத்தினால் அந்த வரி போய்விடும். ஒரேயடியாக ஹிஸ்டரியை அழிக்க மனம் வரவில்லை. இன்று காலையும் இரண்டை அழித்தேன்.