தோள்பையா, முதுகுப்பையா?

நல்லூர்த் தேருக்குக் கமெரா கொண்டுபோகிறவர்களுக்கு ஒற்றைத் தோள்பை வசதி. சனநெருக்கத்தில் பையை முன்னுக்கு இழுத்து, கழற்றாமலே லென்ஸ் மாற்றலாம். ஆனால் பாரம் 3 கிலோவைத் தாண்டினால் மத்தியானத்துக்குள் ஒரு பக்கத் தோளும் கழுத்தும் உளையத் தொடங்கிவிடும்.

நெடுந்தீவுக்கென்றால் முதுகுப்பைதான் என் தெரிவு. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏற இரண்டு கையும் வேண்டும். அப்புறம் வெயிலில் நீண்ட நடை. இடுப்புப் பட்டி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதை இறுக்கினால்தான் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். கனமான லென்ஸை முதுகை ஒட்டி வையுங்கள். முதுகுப் பக்கமாகத் திறக்கும் பை இன்னும் நல்லது: நிலத்தில் வைத்துத் திறந்தாலும் தோள்பட்டிகளில் மணல் ஒட்டாது, பின்னால் நிற்பவர் சிப்பைத் திறக்கவும் முடியாது. மழையுறை இல்லாததை வாங்கவே வேண்டாம். படகில் கடல்தண்ணீர் தெறிக்கும்.