‘உங்களுக்கே உங்களுக்கான ஃபாண்ட்’ என்று இலவச ஃபாண்டை விற்கிறார்கள்: பெங்களூரு நண்பர்கள் கவனத்துக்கு

தமிழ், கன்னடம் இரண்டிலும் பாக்கெட், மெனு கார்டு, போர்டு போடுகிறவர்கள் முக்கியமாகப் படிக்கவும். ஒரு மசாலா பாக்கெட்டுக்காக 85,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, “புதிதாக வரைந்தது, வேறு யாரும் தொட முடியாது” என்று இங்குள்ள ஒரு டிசைன் ஸ்டூடியோ எங்கள் தலையில் கட்டியது இரண்டு இலவச ஃபாண்டுகளை. தமிழுக்கு முக்த மலர், கன்னடத்துக்கு நோட்டோ சான்ஸ் கன்னடா. நாலைந்து எழுத்துகளின் முனையை உருட்டிப் பெயரை மாற்றியதுதான் அவர்கள் செய்த வேலை.

குட்டு வெளிப்பட்டது அவென்யூ ரோடு அச்சகத்தில். பிடிஎஃப்பில் ஃபாண்ட் பதியவே இல்லை, எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டம். ஃபாண்ட் கோப்புக்குள் தகவல்களை வைத்திருக்கும் ஓஎஸ்/2 அட்டவணையில், பிடிஎஃப் போன்ற கோப்புகளில் பதிக்கலாமா என்று சொல்லும் எஃப்எஸ்டைப் மதிப்பை 2 ஆக்கியிருந்தார்கள். அதற்கு ‘பதிக்க அனுமதியில்லை’ என்று பொருள். மூல ஃபாண்டுகளில் அது 0. விலை உயர்ந்த சரக்கு போலக் காட்டச் செய்த வேலை அவர்களையே காட்டிக்கொடுத்தது.

ஃபாண்ட் கையில் வந்ததும் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற ஃபாண்ட் திருத்தும் மென்பொருளில் திறந்து, ஃபாண்ட் இன்ஃபோவில் டிடிஎஃப் நேம்ஸ் பகுதியைப் பாருங்கள். பதிப்புரிமை, உரிமம், உரிமத்தின் இணைய முகவரி (எண் 0, 13, 14) மூன்றும் காலியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். சொந்தமாக வரைந்தவர் அந்த இடத்தில் தன் பெயரைப் போடாமல் விடமாட்டார். அடுத்து ண, ஞ, கௌ போன்ற சிக்கலான எழுத்துகளை, எந்த இலவச ஃபாண்டின் நகல் என்று சந்தேகப்படுகிறீர்களோ அதன் எழுத்தோடு, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, வளைவுப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும் இடத்தை ஒப்பிடுங்கள். புள்ளிகளும் எழுத்தின் அகல எண்களும் வரிசையாக ஒத்துப்போனால் அது தற்செயல் அல்ல.

இலவச ஃபாண்டைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. அந்த இரண்டு ஃபாண்டுகளும் வெளியான உரிமமான ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் 1.1 அதை அனுமதிக்கிறது, மாற்றவும் விடுகிறது. மாற்றியதற்குப் புதுப் பெயர் வைப்பதும் குற்றமில்லை. ஆனால் ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது, பதிப்புரிமைக் குறிப்பை அழிக்கக் கூடாது, மாற்றியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஆகவே ‘உங்களுக்கு மட்டும்’ என்று எழுதிக்கொடுக்க அந்த ஸ்டூடியோவுக்கு உரிமையே கிடையாது. பக்கத்துக் கடைக்காரரும் அதே எழுத்தை நாளைக்கே பாக்கெட்டில் போடலாம், கேட்க முடியாது.

“வேண்டுமானால் டிசைன் பதிவு செய்துதருகிறோம்” என்று கூடுதலாகவும் கேட்டார்கள். டிசைன் பதிவில் எழுத்து வடிவங்களுக்கு 18-03 என்ற வகுப்பு உண்டு என்பது உண்மை. 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி பதிவு 10 ஆண்டு செல்லும், நீட்டித்தால் இன்னும் 5. ஆனால் விண்ணப்பத்துக்கு முன்பே வெளியான வடிவத்தைப் பதிய முடியாது. எழுத்து வடிவத்தைக் கலைப்படைப்பாகப் பதிப்புரிமையில் பதியும் முயற்சியையும் 2002இல் பதிப்புரிமை வாரியம் ஏற்கவில்லை. ஃபாண்ட் கோப்பைக் கணினி நிரல் என்று காட்டித்தான் பதிப்புரிமை கோர முடியும்.

உண்மையிலேயே வரைந்து தருபவரிடமும் ‘ஆல் ரைட்ஸ்’ என்ற ஒரு வரி மின்னஞ்சலை நம்பாதீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். துபாய்க்குச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இது பெரிய ஓட்டை. கணினியில் நிறுவும் டிடிஎஃப் கோப்பை மட்டும் வாங்கி நிறுத்தாமல், ஃபாண்டை வரைந்து திருத்தப் பயன்படும் கிளிஃப்ஸ் அல்லது யுஎஃப்ஓ வடிவ மூலக் கோப்பையும் கேளுங்கள். பின்னால் ஒரு எழுத்தைச் சேர்க்க அதுதான் வேண்டும். ₹ குறி, ஸ்ரீ, கொம்புள்ள எழுத்துகள் எல்லாம் சேர்த்து ஒரு பக்கம் பிடிஎஃப்பாக எடுத்து அச்சகத்தில் சோதித்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

ஏமாந்துவிட்டால், வணிகத்துக்கு வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது. வக்கீல் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்குதான் வழி. அச்சடித்த பாக்கெட்டுகளைக் கிழிக்க வேண்டாம், ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ் அச்சிட்ட பொருளைக் கட்டுப்படுத்தாது. அதே எழுத்தில் போட்ட லோகோவையும் டிரேட்மார்க்காகப் பதிய விண்ணப்பிக்கலாம்.