பழைய ஃபைபர் போட்டுக்கு யமஹா என்டியூரோ 15 எச்பி: என் அனுபவம்

மட்டக்களப்பு வாவியில் ஓட்டுவதற்கென்று 16 அடி பழைய ஃபைபர் போட் ஒன்று வாங்கி, அதற்கு யமஹா என்டியூரோ 15 எச்பி, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பூட்டியிருக்கிறேன். இரண்டு பேர் போனால் வேகம் பிடித்ததும் அணியம் (போட்டின் முன்பக்கம்) தாழ்ந்து போட் தண்ணீருக்கு மேலே வழுக்கிக்கொண்டு ஓடும், நாலு பேர் ஏறினால் மெதுவாகத்தான் போகும், ஆனால் கல்லடிப் பக்கம் சுற்றிவர அது தாராளம்.

எல்லாரும் 25 போடு, 40 போடு என்றுதான் சொல்வார்கள். பழைய போட்டில் முதலில் பார்க்கவேண்டியது எச்பி இல்லை, எஞ்சின் தொங்குகிற பின்பலகை. ஃபைபருக்கு உள்ளே இருக்கிற மரம் ஊறி உளுத்திருந்தால் வெளியே தெரியாது, சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் கணீரென்று கேட்கும், பழுதான இடம் மொத்தென்று கேட்கும். என்டியூரோ 15 ஏறக்குறைய 36 கிலோதான், 40 எச்பி அதைப்போல இரண்டு மடங்கு பாரம். அப்புறம் பின்பலகையின் உயரத்தை அளந்துவிட்டுப் போங்கள். 15 அங்குலம் என்றால் ஷார்ட் ஷாஃப்ட், அதாவது கால் கட்டையான எஞ்சின், 20 என்றால் லோங், கால் நீளமானது. இது மாறினால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கும், இல்லாவிட்டால் ஆழம் குறைந்த இடத்தில் சேற்றைக் கிண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக் சத்தம் குறைவு, பெற்றோலும் மிச்சம், அது உண்மை. ஆனால் பாரமும் விலையும் கூட. டூ ஸ்ட்ரோக் யமஹாவை இங்கே மீன்பிடிக்காரர் நிறையப் பேர் பாவிப்பதால் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பார், எனக்கு அதுதான் பெரிய விஷயம். மண்ணெண்ணெயில் ஓடுகிற மொடல் வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம், 2022 ஆகஸ்டில் லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ஆனதோடு பழைய மலிவு போனது, அதோடு பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, நிறுத்த முன்னும் பெற்றோலுக்கு மாற்றுகிற வேலையும் இருக்கிறது.

பழைய எஞ்சின் வாங்குவதென்றால், கியர் ஓயில் பால்போல வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது, வாங்க வேண்டாம். இரண்டு சிலிண்டரிலும் கம்பிரஷன் (உள்ளே அமுக்குகிற அழுத்தம்) கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கவேண்டும். குளிராய் இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள், முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள்.

வாவியில் சல்வீனியா என்ற மிதக்கும் களை இருக்கிற காலத்தில், எஞ்சினைக் குளிராக்கத் தண்ணீர் இழுக்கும் துளை அடைபடும், பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் குறைந்தால் உடனே நிறுத்திச் சுத்தம் பண்ணுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் சூடேறி உள்ளே இறுகி நின்றுவிடும். உவர்த் தண்ணீரில் ஓடினால் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஓடவிடவேண்டும். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகிற யோசனை இருந்தால், மாரியில் இந்த 15 எச்பியை நம்பி இறங்க வேண்டாம்.